இரவு ஷிப்ட்டும் இரண்டு ஜிபியும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள், அவற்றின் பின்னால் உப்பனாறு. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்கள் இவற்றை ஒட்டியே இருக்கின்றன. ரசாயன ஆலையை மாலையில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அதனால் காலை 6, பகல் 2, இரவு 10 என்று ஆள் மாறும் ஷிப்ட் வேலைதான் இங்கே பல வீடுகளின் கடிகாரம்.

இந்த வட்டாரத்தில் பிள்ளைகளின் செல்போன் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கடிகாரத்தைத்தான். பகல் ஷிப்ட் வாரத்தில் அப்பா வீடு திரும்பும்போது மணி பத்தரை. இரவு ஷிப்ட் வாரத்தில் அவர் பகலெல்லாம் தூங்குவார். "சத்தம் போடாத, அப்பா தூங்குறாரு" என்று சொல்லும் அம்மா, எட்டாவது படிக்கும் மகனின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார். சத்தம் வராது, வெயிலில் அலையவும் மாட்டான். காற்றில் ரசாயன நெடி அடிக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதே நல்லது என்றும் தோன்றும். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கியது. கடன் வாங்கியாவது ஒரு போன் வாங்கினார்கள். பள்ளி திறந்த பிறகும் அந்தப் போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடைசெய்தது. பையன்கள் அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் இன்னும் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இடமில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. ஆதார் வழியாக அடையாளம் காட்ட வேண்டும். ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லும் என்றது. ஆகஸ்டில் பண விளையாட்டுகளையே தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எல்லாம் நல்லதே. ஆனால் அப்பாவின் ஆதாருக்கு வரும் ஓடிபி எந்தப் போனுக்கு வரும்? பல வீடுகளில் மகன் கையில் இருக்கும் போனுக்குத்தான். பணம் கட்டாத துப்பாக்கி விளையாட்டும் முடிவே இல்லாத ரீல்ஸும் இந்த விதிகளுக்குள் வரவே இல்லை. விதி சொல்லும் அந்த ஐந்து மணி நேரமும், இரவு ஷிப்ட் அப்பா ஆலையில் நிற்கும் நேரம்.

போனைப் பார்க்கும் பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமை, படிப்பையும் தூக்கத்தையும் தள்ளிவிட்டு ஆட்டத்தையே முன்னால் வைப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓராண்டாவது நீடித்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். போனைப் பிடுங்கி உடைப்பது மட்டும் வேண்டாம். உடைத்த வீடுகளில் அடுத்த மாதமே புதுப் போன் வந்துவிடுகிறது, தவணையில்.

அந்தக் கட்டத்துக்குப் போகாத பிள்ளைகளுக்கு வேண்டியது, மாலையில் போய் நிற்க ஓர் இடம். கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். குடிநீர்த் தொட்டியில் பெயர் எழுதுவதோடு நிற்காமல், விளக்கு போட்ட மைதானமும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் படிப்பகமும் கட்டித்தர சிப்காட் ஆலைகளைக் கேட்கலாம். கோரிக்கையை எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பாக்களும் அன்று ஒரு மணி நேரம் தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வரட்டும்.