பருப்பு வேகாத தண்ணீர்

கோவையில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் முன்பணம் பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "சிறுவாணித் தண்ணி வருதுங்களா?" பல வீடுகளில் இரண்டு குழாய்கள். ஒன்றில் மாநகராட்சி விடும் நல்ல தண்ணீர், மற்றொன்றில் போர் தண்ணீர். முதலாவதில் நாலு தேய்ப்பில் நுரைக்கும் சோப்பு, இரண்டாவதில் எவ்வளவு தேய்த்தாலும் திரிந்துபோய் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும்.

சோப்பைத் திரியவைப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். இவற்றின் அளவைத்தான் தண்ணீரின் கடினம் என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழை, எளிதில் கரையாத பாறைகள் மேல் ஓடிச் சீக்கிரமே சிறுவாணி அணையைச் சேர்ந்துவிடுகிறது. வழியில் எதையும் பெரிதாகக் கரைத்துவர அதற்கு நேரமில்லை. கோவைச் சமவெளி மழை மறைவுப் பகுதி. அங்கே பெய்கிற கொஞ்ச மழையும் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, பாறை வெடிப்புகளில் நெடுநாள் தங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. பக்கத்து மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான்.

இதன் தொல்லை அடுப்படியில் நன்றாகத் தெரியும். துவரம்பருப்பு மசிய வேண்டுமானால் அதன் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் இளக வேண்டும். கால்சியம் அதை இறுக்கிவிடுகிறது. அதனால்தான் போர் தண்ணீரில் போட்ட பருப்பு, குக்கர் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே நிற்கிறது. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் வேகும். ஆனால் பருப்பிலுள்ள தயமின் சத்து குறைந்துவிடும். நல்ல தண்ணீர் குறைவாக வரும் வீடுகளில் அதைப் பருப்புக்கும் குடிக்கவும் ஒதுக்கிவிட்டு, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரை எடுக்கும் பழக்கம் மிகச் சரியானது.

கொதிக்கவைத்தால் ஒரு பகுதிக் கடினம் போகும். பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது சிதைந்து, பாத்திரத்தின் அடியிலும் கீசர் கம்பியிலும் வெள்ளைப் படிவாக உட்காரும். பாத்திரத்தில் உள்ளதைப் புளியோ எலுமிச்சையோ எடுத்துவிடும். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது.

குடித்தால் கெடுதலா? இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டு இதற்கென உச்சவரம்பு எதுவும் வகுக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக் குடிப்பதுதான் உண்மையில் ஆபத்து.

கடினத்துக்குப் பயந்து ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கும் அவசரம் எனக்கு வருத்தம் தருகிறது. விற்க வருபவர் தண்ணீரில் வைத்துக் காட்டும் டி.டி.எஸ். பேனா, கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்தே காட்டும். கடினம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டிய வீடுகளில், வடிகட்டும்போது ஒதுக்கும் தண்ணீர் வேறு சாக்கடைக்குப் போகிறது. துணிக்கும் கீசருக்கும்தான் பிரச்சினை என்றால் சாஃப்ட்னர் போதும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் என்பதால், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எதை வாங்குவதாக இருந்தாலும், முதலில் சுத்தமான பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். கடினம் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.