நிழல் தீவனம்: கரும்பச்சையை நம்பாதீர்கள்

தென்னந்தோப்பின் இடைவெளியில் தீவனக் கம்பும் கம்பு நேப்பியரும் போடுவது நல்ல யோசனைதான். ஆனால் நிழலில் பயிர் மெலிந்து நிற்கிறதே என்று இன்னொரு கை யூரியா வீசுகிறோமே, வம்பு அங்கேதான் ஆரம்பம். தென்னைக்கு வைத்த உரமும் சாணமும் அதே வேருக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பயிர் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவே உறிஞ்சுகிறது. அதைப் புரதமாக மாற்ற வெயில் வேண்டும். நிழலில் அந்த வேலை மந்தமாகும்; வேர் உறிஞ்சுவதோ நிற்காது. மிச்சப்பட்ட நைட்ரேட் தண்டில், அதிலும் அடித்தண்டில் தங்கிவிடும். இலை என்னவோ கரும்பச்சையாக மினுக்கும்.

மாட்டின் முதல் வயிற்றில் இந்த நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். அது ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. மாடு மூச்சு வாங்கும், தள்ளாடும். ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறும். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். பிழைத்த சினை மாட்டுக்குக் கரு கலையலாம். இளஞ்சோளத்தில் இருக்கும் சயனைடு நஞ்சு கம்பில் கிடையாது. அதனால் கம்பு பயமில்லை என்பது பாதி உண்மைதான். உலர்த்தினால் சயனைடு குறையும். நைட்ரேட் அப்படியே இருக்கும். ஊறுகாய்ப்புல்லாக்கினால் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது.

எனவே மண் பரிசோதனை செய்து, யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 20.7 கிலோ. மூடாப்பான நாட்களிலும், வறட்சிக்குப் பின் மழை பெய்த சில நாட்களிலும் அறுக்க வேண்டாம். அடித்தண்டை அரையடி விட்டு அறுங்கள். பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கோல், பிறகு கம்பு.

சந்தேகம் வந்த உடனே தீவனத்தை நிறுத்தி, மாட்டை ஓட்டாமல் நின்ற இடத்திலேயே விடுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மெத்திலீன் ப்ளூ மருந்தை நரம்பில் ஏற்றுவது மருத்துவரின் வேலை, வீட்டில் முயலாதீர்கள். அவர் வரும்போது தீவனத்தில் ஒரு கட்டை எடுத்து வைத்திருங்கள், சோதிக்க உதவும்.

யூரியா வாங்கும்போதும் கவனம்: வேம்பு பூசிய யூரியாவின் சில்லறை விலை மூட்டைக்கு ரூ.266.50. கூடக் கேட்டாலோ, வேறு பொருளை வாங்கினால்தான் யூரியா என்றாலோ அது முறைகேடு. ரசீது கேட்டு வாங்கி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 உங்கள் பக்கம் நிற்கிறது. கடைசியாக, காப்பீடு செய்த மாடு இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்க வேண்டாம். காதுத் தோட்டையும் கழற்றி எறியாதீர்கள். அவை இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம்.