கண்ணாடியில் தண்ணீர் வரவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு. ஈப்போவில் மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். கோப்பேங்கைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. முன்னால் மண் ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை முந்தும்போது, அதன் சக்கரங்கள் வாரியடித்த சேறு எங்கள் காரின் முன்கண்ணாடி முழுவதும் அப்பிக்கொண்டது.

வழக்கம்போல் வைப்பர் கைப்பிடியை என் பக்கம் இழுத்தேன். தண்ணீர் வரவில்லை. வைப்பர் மட்டும் இரண்டு முறை ஓடி, சேற்றை நன்றாகப் பூசிவிட்டது. எதிர்த்தடத்து வண்டிகளின் விளக்கொளி அதில் பட்டுச் சிதறியதில் சாலைக்கோடுகூடத் தெரியவில்லை. அப்போது என் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். நான்கு வினாடி கண்ணை மறைத்தால் 100 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருப்போம்.

“மெதுவா போங்க, இடது பக்கம் ஒதுங்குங்க” என்றார் மனைவி. குரலில் நடுக்கம். இடது தடத்திலேயே ஊர்ந்து ஊர்ந்து தாப்பா ஓய்விடத்தை அடைந்தோம்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். அவரும் லோரி ஓட்டுநர்தான்.

“என்ன தம்பி, தண்ணி அடிக்கலையா? எஞ்சினை நிறுத்திட்டு, சாவிய மட்டும் ‘ஆன்’ல வைங்க. இப்ப கைப்பிடிய இழுங்க. சத்தம் வருதான்னு கேட்போம்.”

இழுத்தேன். வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

“மோட்டார் ஓடுது. அப்ப தண்ணி போற வழியிலதான் எங்கயோ அடைப்பு. கார் பளபளன்னு இருக்கே, போலிஷ் போட்டீங்களா?”

போட்டிருந்தேன். மாமியார் வீட்டுக்குப் போகிறோமே என்று முந்தைய நாள் மூன்று மணி நேரம் துடைத்துத் துடைத்துப் போட்ட போலிஷ். அந்த மெழுகுதான் தண்ணீர் பீய்ச்சும் சிறு துளைகளில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மனைவியின் சேலை ஊக்கை வாங்கி, துளைகளை மெல்லக் கிளறிவிட்டார் பெரியவர். அடுத்த இழுப்பில் தண்ணீர் சீறி அடித்தது. எல்லாம் ஐந்து நிமிட வேலை.

அன்று அவர் சொன்ன அந்த ஒரு சோதனை போதும், பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

சத்தம் வந்தால்…

பம்ப் ஓடுகிறது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை. மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தொட்டி. மூடியில் கண்ணாடியும் நீர்த்தெளிப்பும் போன்ற படம் இருக்கும். பக்கத்திலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கும் தனித் தொட்டி உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்; படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டே திறக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். சொட்டினால் தொட்டியிலோ குழாயிலோ ஓட்டை இருக்கிறது.

இரண்டாவது ரப்பர் குழாய். தொட்டியிலிருந்து பானட்டின் உட்பக்கம் வரை செல்லும். நம் நாட்டு வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் இது வெடித்துப்போகும். இணைப்புகளில் கழன்றுவிடும். பானட்டைத் திறந்து மூடும் கீல் பகுதியில் மடிந்து நசுங்கும். இரவில் சூட்டுக்காக எஞ்சின் பக்கம் ஒதுங்கும் எலிகளும் கடித்து வைக்கும். ஒருவரைக் கைப்பிடியை இழுக்கச் சொல்லிவிட்டு, எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது நாசில் என்னும் அந்தச் சிறு துளை. பானட்டுக்கு அடியில் நாசிலோடு சேரும் இடத்தில் குழாயைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை இழுங்கள். குழாயிலிருந்து தண்ணீர் நன்றாகக் கொட்டினால் அடைப்பு நாசிலில்தான். இரண்டு நாசிலில் ஒன்று மட்டும் அடிக்கவில்லை என்றாலும் பெரும்பாலும் இதே கதைதான். வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றி மெழுகை இளக்கி, மெல்லிய ஊசியால் கிளறுங்கள். அழுத்திக் குத்தினால் துளையின் கோணம் மாறி, தண்ணீர் கூரைக்கு மேலே பறக்கும். விசிறிபோல் பரவலாகத் தெளிக்கும் புதுவகை நாசிலில் ஊசி வேண்டாம். அதைக் கழற்றி, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிக் காற்றடிப்பதே நல்லது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், தொட்டியின் அடியில் பாசி படிந்து பம்பின் வாயை அடைத்திருக்கலாம். தொட்டியைக் கழுவினால் சரியாகும்.

சத்தமே இல்லையென்றால்…

பழுது மின்சாரப் பக்கம். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்று பெட்டியின் மூடியிலோ காருடன் வந்த கையேட்டிலோ இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள வேறொன்றைப் போடுங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம். பெரிய ஃபியூஸோ, வெள்ளித்தாளோ, கம்பித்துண்டோ வைத்து ஒப்பேற்றாதீர்கள். வயர் எரிந்து தீப்பிடிக்கும். புது ஃபியூஸும் உடனே போய்விட்டால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். அதைப் பட்டறையில் விடுவதே புத்திசாலித்தனம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், பம்பில் செருகியிருக்கும் வயர் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், அல்லது பம்பே எரிந்திருக்கலாம். தண்ணீர் தீர்ந்த பிறகும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது பம்ப் எரிய ஒரு காரணம். இரண்டு மூன்று வினாடிக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது “சத்தம் வரவில்லை, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவர் வேலையும் குறையும், தேவையில்லாத செலவும் குறையும்.

எதை ஊற்றுவது?

நம் நாட்டில் பனி உறைவதில்லை. அதனால் குளிர்நாட்டுத் திரவம் தேவையில்லை. கண்ணாடி கழுவுவதற்கென்று விற்கும் திரவத்தை, அதில் எழுதியிருக்கும் அளவில் தண்ணீரோடு கலந்தால் போதும். வெறும் குழாய்த் தண்ணீர் நாள்பட்டால் பாசி பிடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினால் நுரை கண்ணாடியில் படலமாகக் காயும், நாசிலையும் அடைக்கும்.

ஓடும்போதே தண்ணீர் நின்றுவிட்டால் காய்ந்த சேற்றின்மேல் வைப்பரை ஓட்டாதீர்கள். கண்ணாடியில் கீறல் விழும், வைப்பர் ரப்பரும் கிழியும். வேகத்தைக் குறைத்து இடது தடத்துக்கு மாறி, ஓய்விடத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ நிறுத்திக் கண்ணாடியைக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். இதற்காகவே என் காரில் இப்போது ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. நீண்ட பயணம் புறப்படும் முன் டயர் காற்று, எண்ணெய் பார்ப்பதோடு அந்தக் கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “அப்பா, தண்ணி அடிச்சிருச்சு, போலாம்!” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.