மருந்து பாட்டிலில் ஹிஸ்டிடின் எவ்வளவு? ஹெச்.பி.எல்.சி கண்ணுக்கே தெரியாததை அளப்பது எப்படி?

கடலூர் சிப்காட் மருந்து ஆலைகளின் லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹெச்.பி.எல்.சி மெஷின் புதுசு இல்லை. சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் பார்மசி படித்தவர்களுக்கும் அது பழகின கருவிதான். ஆனால் அதே மெஷினை பயலாஜிக் மருந்து பக்கம் திருப்பினால், முதல் நாளே தலைவலி ஆரம்பிக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டிராஸ்டுஜுமாப்பை எடுத்துக்கொள்வோம். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெர்செப்டின் இதுதான். 440 மி.கி. பாட்டிலில் மருந்தோடு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் 6.4 மி.கி., அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு 9.9 மி.கி. சேர்க்கப்பட்டது. தூளைக் கரைத்ததும் பி.ஹெச் அளவை 6-க்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது இந்த ஜோடிதான். பி.ஹெச் நகர்ந்தால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளலாம். திரண்ட புரதத்தை நோயாளியின் உடல் எதிரியாக நினைத்துத் தாக்கும் ஆபத்தும் உண்டு. துணைப்பொருள்தானே என்று விட முடியாது.

சிக்கல் என்னன்னா, பெரும்பாலான அமினோ அமிலங்கள் புற ஊதா ஒளியைச் சரியாக உறிஞ்சாது. டிடெக்டருக்கு அவை கண்ணாடி மாதிரி. அதனால் ஒளிரும் ஒரு வேதிப்பொருளை அவற்றோடு ஒட்ட வைக்கிறார்கள். ஓ.பி.ஏ இதில் பிரபலம், நிமிடங்களில் வேலை முடியும். ஆனால் புரோலினோடு மட்டும் ஒட்டவே ஒட்டாது! பிரிவிஜென் என்ற இம்யூனோகுளோபுலின் மருந்தில் நிலைப்படுத்தியே புரோலின்தான். அங்கே எஃப்மாக் போன்ற வேறொன்றைத் தேட வேண்டும்.

இன்னொரு வம்பு, மருந்தே அமினோ அமிலக் கோர்வை. அதிலுள்ள லைசினும் ஓ.பி.ஏ-வைப் பிடித்துக்கொள்ளும். எனவே முதலில் புரதத்தை வீழ்படிவாக்கியோ வடிகட்டியோ விலக்கிவிட வேண்டும்.

புரதத்தின் உள்கட்டமைப்பையே அளக்கணும்னா கதை வேறு. 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரியில், 24 மணி நேரம் வேகவைப்பது வழக்கம். அதில் டிரிப்டோஃபான் சிதைந்துபோகும், அதைத் தனியாகத்தான் அளக்க முடியும். இப்படி உடைத்த புரதத்தை அலசும் தானியங்கிக் கருவியை ஸ்டைன், மூர் குழுவினர் 1958-ல் வெளியிட்டார்கள். நிறம் கொடுத்தது நின்ஹைட்ரின், கைரேகை தேட போலீஸ் பயன்படுத்தும் அதே சமாச்சாரம். இருவருக்கும் 1972-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மெத்தட் தயாரானாலும் உடனே நம்பிவிட மாட்டார்கள். ஐ.சி.ஹெச் க்யூ2 வழிகாட்டுதல்படி நிரூபிக்க வேண்டும். தெரிந்த அளவு ஹிஸ்டிடினைக் கலந்து, அதே அளவு திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஹிஸ்டிடினே இல்லாத கரைசலை ஓடவிடுவார்கள். ஹிஸ்டிடின் வரும் அந்த நிமிடத்தில் ஸ்க்ரீனில் கோடு தட்டையாக இருக்க வேண்டும். ஒரு சின்ன மேடு தெரிந்தாலும், மறுபடி முதலிலிருந்துதான்.