கார் வாங்கப் போனோம்... கணக்குப் போட்டோம்!

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால், இரண்டு ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் வாதாடுகிறவள் நான். அப்படிப்பட்ட நான், எட்டு லட்ச ரூபாய் சமாச்சாரம் பேசப் போன இடத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? ஷோரூமின் ஏ.ஸி. குளிரும், தட்டில் வைத்து நீட்டிய காபியும், "மேடம், உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்ற உபசாரமும் என்னைக் கட்டிப் போட்டுவிட்டன. விலைப் பேச்செல்லாம் என் கணவரிடம். என்னிடம் கலர் மட்டும்தான்!

ஆடம்பரத்துக்காக நாங்கள் கார் வாங்கப் போகவில்லை. என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வாரம் இரண்டு தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கும் உயிர் போகும், எனக்கும் போகும். "ஒரு சின்னக் கார் வாங்கிடலாம்" என்று இவர் சொன்னார். கையிருப்பு மூன்றரை லட்சம், கடன் ஐந்து லட்சம். ஆக, எட்டரை லட்சம்தான் எங்கள் எல்லை. பெரியவளின் அடுத்த வருஷத்துக் காலேஜ் ஃபீஸ் பாங்கில் தனியாக இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

ஷோரூம் பையன் ஒரு தாளில் மொத்த விலை மட்டும் எழுதிக் கொடுத்தான். தள்ளுபடி 20,000 போக 8,99,100 ரூபாய்! "ஸார், இன்னிக்கே புக் பண்ணினாத்தான் இந்த ஆஃபர். நாளைக்கு நான் கியாரண்டி இல்லை" என்று அவசரப்படுத்தினான். இவர் தயங்கியபடி என்னைப் பார்த்தார். "அந்த ஃபீஸ் பணத்திலேர்ந்து ஐம்பதாயிரம் எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாமா?" என்று காதோடு கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. "தம்பி, மொத்தமா வேண்டாம். எது எதுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் குடுப்பா. வீட்ல பார்த்துட்டு வர்றோம்" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கினாலும் எழுதிக் கொடுத்தான். அன்று காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோமே, அதுதான் நாங்கள் செய்த முதல் புத்திசாலித்தனம்!

தாளைப் பிரித்தபோது...

ராத்திரி சாப்பாடு முடிந்து, நான், இவர், ப்ளஸ் டூ படிக்கும் சின்னவன் மூன்று பேரும் அந்தத் தாளோடு உட்கார்ந்தோம். காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 7,20,000. சாலை வரி, பதிவுச் செலவு 97,000. ஃபாஸ்டாக் 600. இதெல்லாம் நியாயம். மீதியைக் கேளுங்கள்: இன்ஷூரன்ஸ் 46,000, அலங்காரச் சாமான்கள் 24,000, கூடுதல் வாரண்டி 14,000, பெயின்ட்டுக்கு மேல் பூச்சு 9,000, 'ஹேண்ட்லிங்' 8,500.

மளிகைக் கடை பில்லைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டோம்.

*ஹேண்ட்லிங்:* இது வரியும் இல்லை, அரசாங்கக் கட்டணமும் இல்லை. காரை ஷோரூமில் வைத்து விற்பது அவர்கள் வியாபாரம். அதற்குத் தனிக் கூலி எதற்கு? "இதற்கு அரசாங்க ரசீது தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

*இன்ஷூரன்ஸ்:* ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நமக்குப் பிடித்த கம்பெனியில் எடுத்துக் கொள்ளலாம். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் கட்டணம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றேதான். நம் காரின் சேதத்துக்கான பாலிஸியில்தான் விலை வித்தியாசம். ஒப்பிடும்போது காரின் காப்பீட்டு மதிப்பும், சேர்த்திருக்கும் சலுகைகளும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறையும். ஆனால் கார் திருடு போனால் கைக்கு வரும் பணமும் குறையும். சின்னவன் வெளியில் விசாரித்ததில் அதே மதிப்புக்கு 34,000தான் வந்தது.

*அலங்காரச் சாமான்கள்:* மிதியடி, மட் ஃப்ளாப் தவிர மற்றதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லாதவை. தேவையானது 6,000 ரூபாயில் முடிந்தது. பெயின்ட் பூச்சும் வேண்டாம் என்று அடித்தோம். கூடுதல் வாரண்டியை மட்டும் யோசித்து வைத்துக் கொண்டோம். நாலாவது வருஷம் பெரிய ரிப்பேர் வந்தால் எங்களால் தாங்க முடியாது.

எட்டு பெரிதா, ஒன்பது பெரிதா?

ஷோரூமிலேயே கடனுக்கும் ஒருவர் இருந்தார். "பாங்கில் ஒன்பது சதவீதம், எங்களிடம் எட்டுதான்" என்றார். எட்டு குறைச்சல்தானே என்று நானும் சந்தோஷப்பட்டேன். சின்னவன்தான் "அம்மா, இது ஃப்ளாட் வட்டியான்னு கேட்டியா?" என்றான். மறுநாள் போன் பண்ணிக் கேட்டேன். ஆமாம் என்றார்.

விஷயம் இதுதான். ஃப்ளாட் வட்டி என்றால், நாம் மாதா மாதம் கடனை அடைத்துக் கொண்டே வந்தாலும் கடைசி வரை முழு ஐந்து லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். எட்டு சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு வட்டி 2,00,000. மாதத் தவணை 11,667. பாங்கில் மிச்சம் இருக்கும் கடனுக்கு மட்டும்தான் வட்டி. அங்கே ஒன்பது சதவீதம் என்றாலும் தவணை 10,379தான். மொத்த வட்டி சுமார் 1,22,700. ஐந்து வருஷத்தில் 77,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! சதவீதத்தைக் கேட்பதோடு விடாதீர்கள். 'மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவேன்?' என்று கேளுங்கள்.

மறுபடியும் போனோம்

போகும் முன் இரண்டு வேலை செய்தோம். தஞ்சாவூரில் அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் அதே மாடலுக்கு எழுத்தில் விலை வாங்கினோம். எங்களுக்குக் கொடுக்கப் போகிற காரின் சேஸிஸ் நம்பரைக் கேட்டு, அது எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்றும் விசாரித்தோம். நாங்கள் போனது பொங்கல் கழித்து. காரோ முந்தின வருஷம் ஜூன் மாதத்தில் தயாரானது! ஆர்.சி. புத்தகத்தில் அந்த வருஷம்தான் இருக்கும். நாளைக்கு விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள்.

இந்தத் தடவை நான்தான் பேசினேன். "தம்பி, உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை. ஆனா இது போன வருஷத்து வண்டி. அதுக்கு ஏத்த மாதிரி தள்ளுபடி குடுங்க. இன்ஷூரன்ஸ், கடன் ரெண்டும் வெளியில பார்த்துக்கறோம். ஹேண்ட்லிங் குடுக்க மாட்டோம்."

பையன் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் இவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "வீட்டு நிதி மந்திரி அவங்கதான் ஸார், அவங்ககிட்டயே பேசுங்க" என்று இவர் சிரித்தார். முதலில் முடியாது என்றார்கள். நாங்கள் எழுந்து கதவு வரை வந்துவிட்டோம். "மேடம், ஒரு நிமிஷம்..." என்று குரல் வந்தது!

ஹேண்ட்லிங் போனது. தள்ளுபடி 20,000 என்பது 32,000 ஆனது. வேண்டாததை நீக்கியதும் சேர்த்து, முதலில் சொன்னதற்கும் கடைசியில் கொடுத்ததற்கும் 59,500 ரூபாய் வித்தியாசம். மொத்தச் செலவு 8,39,600. பெரியவளின் ஃபீஸ் பணம் பாங்கில் பத்திரமாக இருந்தது.

நீங்களும் போகிறீர்களா?

* 'எவ்வளவு தள்ளுபடி?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'கார் வீட்டுக்கு வர மொத்தம் எவ்வளவு, எது எதற்கு?' என்று எழுத்தில் வாங்குங்கள்.
* வரி குறைந்ததைத் தங்கள் தள்ளுபடி போலச் சொன்னால் ஏமாறாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அது அரசாங்கம் குறைத்தது, கடைக்காரர் குறைத்தது அல்ல.
* முன்பணம் கட்டும் முன், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.
* காரைப் பகல் வெளிச்சத்தில், பதிவுக்கு முன்பே பாருங்கள். கீறல், ஓடிய கிலோமீட்டர், சேஸிஸ் நம்பர் எல்லாம் சரிதானா என்று பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கட்டுங்கள்.
* பழைய கார் கொடுத்து மாற்றுவதானால், அதன் விலையைத் தனியாகப் பேசுங்கள். ஒன்றில் கொடுத்து மற்றதில் எடுத்துவிடுவார்கள்.

ஷோரூம் பையனிடம் எனக்குக் கோபம் இல்லை. விற்பது அவன் பிழைப்பு. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. நாம் தினமும் காய்கறிக் கூடையோடு பழகிய வித்தைதான் இது. பெரிய கடை, பெரிய தொகை என்றதும் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

கார் வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் சவாரியாக அத்தையைத்தான் ஏற்றினோம். காலை நீட்டி உட்கார்ந்து, "நல்லா இருக்குடி. விலை அதிகமோ?" என்றார்.

"இல்லை அத்தை, பேசித்தான் வாங்கினோம்!" என்றேன்.