தட்டிவானும் பெரிய ரயரும்

கொடிகாமம் என்றதும் சந்தை நினைவுக்கு வரும். சந்தை என்றதும் தட்டிவான் நினைவுக்கு வரும். பின்புறத்துப் பலகைத் தட்டியைத் தாழ்த்திச் சங்கிலியிற் கொளுவி, அதன்மேல் தேங்காய் மூட்டையும் பலாப்பழமும் வாழைக்குலையும் ஏற்றி, வரணி வழியாகப் பருத்தித்துறைக்கு அது நெடுங்காலம் ஓடியது. அதன் மரக்கூடு பழுதுபட்டால் ஊர்த் தச்சர் திருத்துவார்; எஞ்சினுக்கும் ஊர்ப் பட்டறையிலே வைத்தியம் உண்டு. ரயரை மட்டும் ஊரிலே செய்துகொள்ள இயலாது.

தட்டிவானாயினும் வேறு பழைய வானாயினும், உரிய அளவு ரயர் கடையிற் கிடையாதபோது, 'ஒருபடி பெரியதைப் பூட்டினால் என்ன?' என்னும் கேள்வி எழுகின்றது. வான் உயரும், மணலிற் புதையாது, பாரமும் கூடத் தாங்கும் என்பது பலருடைய எண்ணம். இதில் உண்மை எவ்வளவு?

ரயரின் பக்கத்தில் 7.00–16 எனப் பொறித்திருந்தால், முதல் எண் ரயரின் அகலத்தையும், அடுத்தது அது பொருந்தும் றிம்மின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிக்கும். அதற்குப் பதிலாக 7.50–16 பூட்டப்படுவதாகக் கொள்வோம். முன்னதன் முழு விட்டம் ஏறத்தாழ 775 மில்லிமீற்றர்; பின்னதன் விட்டம் ஏறத்தாழ 805. வேறுபாடு 30 மில்லிமீற்றர். ஆனால் அச்சு உயர்வது அதிற் பாதியே. அதாவது 15 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு விரற்கடை.

இந்த ஒரு விரற்கடைக்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. சில்லின் சுற்றளவு நூற்றுக்கு நான்கு கூடுவதால், வேகமானி 50 காட்டும்போது வான் 52இல் ஓடும். எஞ்சினின் இழுவை அதே அளவு குறையும். சமதரையில் இது தெரியாது, முழுப் பாரத்துடன் புறப்படும்போது தெரியும். பிறேக்கின் பிடி முன்போலவே இருக்க, சில்லின் ஆரை மட்டும் கூடுவதால், வீதியில் வானைத் தடுக்கும் விசையும் சிறிது குறையும்.

எல்லாவற்றிலும் மறைவான ஆபத்து உரசல். வெறும் வான் பட்டறையில் நிற்கும்போது போதிய இடைவெளி தோன்றும். தட்டியிற் பாரம் ஏறியதும் வில் தாழ்ந்து, ரயர் மட்காட்டின் உட்புறத்தைத் தொடக்கூடும். ஆகவே வழக்கமான பாரத்தை ஏற்றி, முன்சில்லை இரு பக்கமும் முற்றாகத் திருப்பிப் பார்த்த பின்னரே முடிவு செய்யவேண்டும். றிம்மின் அகலம் புதிய ரயருக்கு ஏற்றதா என்பதும், ரியூப் அதே அளவினதா என்பதும் நோக்கற்பாலன. ஓர் அச்சின் இரு புறத்திலும் ஒரே அளவும் ஒரே வகையுமான ரயர்களே இருத்தல் வேண்டும்.

வாங்கும்போது வயதையும் பார்க்கவேண்டும். பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். கடையிற் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும். பூக்கள் தேயாத பழைய ரயரும் வெடிக்கலாம்.

பெரிய ரயர் பூட்டியதனால் கூடுதலான மூட்டை ஏற்றலாம் என்பது தவறு. அச்சும் வில்லும் பிறேக்கும் பழையவையே. உரிய அளவைத் தேடிப் பெறுவதே முதல் வழி; கிடையாதபோது, போதிய பாரந்தாங்கும் அடுத்த அளவோடு நின்றுவிடுவது, அந்த வானில் ஏறுவோருக்கும் வீதியில் எதிரே வருவோருக்கும் நன்று.