பைக்காரா நீர்மின் நிலையமும் பெல்டன் சக்கரமும்

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம் அரை டி.எம்.சி., அதாவது 50 கோடி கன அடி நீரைத் தாங்கும் என்றாலும், சென்னையின் குடிநீருக்காக அமைந்த அந்தத் தேக்கத்திலிருந்து பெருமளவு மின்சாரம் எடுக்க இயலாது. சமவெளியில் நீர் விழுவதற்கு உயரம் இல்லை. நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பெருக்கிக் காண்பதே ஓர் ஆற்றின் மின்வளம். இவற்றுள் உயரம் எத்தகைய செல்வம் என்பதை, நீலகிரியில் 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறில்லை.

பைக்காரா காவிரியைப் போன்ற பேராறன்று. ஆனால் அதன் நீர் கிளென்மார்கன் மேட்டிலிருந்து எஃகாலான அழுத்தக் குழாய்கள் வழியே அடிவாரத்துச் சிங்காராவுக்கு ஏறத்தாழ 940 மீட்டர் இறங்குகிறது. இவ்வளவு உயரத்தில், நொடிக்கு ஒரு கன மீட்டர் நீரே சுமார் 7 மெகாவாட் மின்சாரம் தரப் போதுமானது. 9 மீட்டர் மட்டுமே விழும் இடத்தில் அதே மின்சாரத்திற்கு நூறு மடங்கு நீர் வேண்டும்.

குழாயின் முனையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் தொண்ணூறு மடங்கு அழுத்தத்தில் நிற்கும் நீர், ஒரு கூம்புவாய் வழியே மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தாரையாகப் பீறிடுகிறது. அத்தாரையை ஏற்பது, அமெரிக்கரான லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரம். அதன் விளிம்பைச் சுற்றிலும் இரட்டைக் கிண்ணங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ள கூரிய வரம்பில் மோதும் தாரை இரண்டாகப் பிளந்து, இருபுற வளைவுகளிலும் வழுக்கி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புகிறது. கிண்ணம் தாரையின் பாதி வேகத்தில் ஓடும்போது, நீர் தன் விசையனைத்தையும் சக்கரத்திடம் விட்டுவிட்டுத் துவண்டு கீழே விழுகிறது. நுட்பத்தின் உச்சம் இதுவே. மின்தேவை திடீரெனக் குறைந்தால் கூம்புவாயைச் சட்டென்று மூட முடியாது, ஏனெனில் ஓடிவரும் நீர் தடைபட்டுக் குழாயையே பிளந்துவிடக்கூடும். ஆகவே ஒரு தகடு முதலில் தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்க, அதன்பின் உள்ளிருக்கும் ஊசி மெல்ல முன்னேறிக் கூம்புவாயை அடைக்கிறது.

தொடக்கத்தில் சுமார் 20 மெகாவாட்டாக இருந்த நிலையம் பின்னர் 59.2 மெகாவாட்டாக வளர்ந்தது. கோயம்புத்தூரின் பஞ்சாலைப் பெருக்கத்தைக் கரிசல் பருத்தியை மட்டும் கொண்டு விளக்குவது போதாது. நிலக்கரி கிடைக்காத அந்த வட்டாரத்தில் ஆலைகளையும், பிற்காலத்தில் கிணற்று மோட்டார்களையும் ஓட்டியதில் பைக்காராவுக்குப் பெரும் பங்குண்டு. சிங்காராவை விட்டு வெளியேறும் நீரும் வீணாவதில்லை: 1952இல் அமைந்த மோயாறு மின்நிலையத்தில் மீண்டும் விழுந்து மின்சாரம் தந்தபின், பவானிசாகரை அடைந்து பாசனத்திற்குப் போகிறது.